தென் துருவத்துக்கு உல்லாசப் பிரயாணம்

சாத்தூரில் பனிக்கட்டி என்றால் சர்பத்துக் கடைக்காரர் கோணிச் சாக்கில் சுற்றி உடைத்துப் போடும் சரக்கு என்றுதான் அர்த்தம். சித்திரை வைகாசியில் வைப்பாற்று மணல் காலைப் பொசுக்கும்போது, டம்ளரில் மிதக்கும் இரண்டு துண்டுப் பனிக்கட்டியே நமக்குத் துருவப் பிரதேசம். காராச்சேவுக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன இந்தக் கரிசல் சீமையிலிருந்து ஒருவன் துருவக் கடலைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பூகோளம் போதிக்கும் உபாத்தியாயருக்கு வேறு வழியில்லை. வகுப்பில் உலகப் படத்தை விரித்தால், அடியில் வெள்ளையாகக் கிடக்கும் அந்தப் பட்டையைப் பற்றித்தான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள்.

தென் துருவத்தை முதன்முதலில் மிதித்தவர் நார்வே தேசத்து அமுண்ட்ஸென்; 1911-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி. ஒரு மாதம் பின்தங்கி அங்கே போய்ச் சேர்ந்த ஆங்கிலேயர் ஸ்காட்டும் அவருடைய தோழர் நால்வரும் திரும்பும் வழியில் பசியாலும் குளிராலும் மாண்டு போனார்கள். அது அந்தக் காலம். 1966-ம் வருஷம் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, சுமார் ஐம்பது பிரயாணிகளை அந்தக் கண்டத்துக்கு வேடிக்கை பார்க்க அழைத்துச் சென்றார். இன்று அந்த ஐம்பது எங்கே போயிற்று? 2022-23-ம் வருஷப் பருவத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் சென்று வந்திருக்கிறார்கள். நம் தேசத்தவரும் அவர்களில் உண்டு. வெந்நீர் ஸ்நானமும் மூன்று வேளைச் சாப்பாடும் தவறாமல் கிடைக்கும் கப்பலில் உட்கார்ந்தபடியே, ஸ்காட் உயிரை விட்ட கண்டத்தின் கரையைப் பார்த்துத் திரும்பலாம்.

இக்கட்டுரையை எழுதுபவன் அங்கே சென்றவனல்லன். செல்வதற்கு வேண்டிய பணமும் அவனிடம் இல்லை. ஆயினும் பார்த்து வந்தோர் எழுதியவற்றையும் விஞ்ஞானிகள் அளந்து சொன்னவற்றையும் கொண்டு, வாசகர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போய் வரலாம். போய் வந்தபின், "இப்படிப் போவது தகுமா?" என்ற கேள்வியையும் சேர்ந்தே யோசிக்கலாம்.

வழி எப்படி?

அங்கே போவதற்கு உகந்த காலம் நவம்பர் முதல் மார்ச் வரையில். நமக்கு மார்கழிப் பனி பெய்யும்போது அங்கே கோடை. சூரியன் அஸ்தமிக்க மனமில்லாமல் அடிவானத்தைச் சுற்றிக் கொண்டிருக்கும் காலம். பெரும்பாலோர் தென் அமெரிக்காவுக்கு ஆகாய விமானத்தில் சென்று, அர்ஜெண்டினா தேசத்தின் தென்கோடியிலுள்ள உஷுவாயா என்னும் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார்கள். போக வரப் பத்து நாளைக்குக் குறையாது. செலவு தலைக்குப் பல லட்சம் ரூபாய். ஆகையால் நம்மில் அநேகருக்கு இது காகிதப் பிரயாணம்தான்.

உஷுவாயாவை விட்டுப் புறப்பட்ட கப்பல் பீகிள் கால்வாயைத் தாண்டியதும் டிரேக் ஜலசந்தி வருகிறது. ஜலசந்தி என்ற பெயரைக் கேட்டு, பாம்பன் மாதிரி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இதன் அகலம் சுமார் 800 கிலோமீட்டர். கடக்க இரண்டு நாள் ஆகும். உலகத்தைச் சுற்றி ஓடும் தென் சமுத்திரத்தின் அலைகளைத் தடுக்க வேறெங்கும் கரை கிடையாது. ஆகவே அத்தனை வேகமும் இந்தச் சந்தில் வந்து மோதுகிறது. பிரயாணிகளில் பாதிப் பேர் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை என்கிறார்கள். எழுந்து மேல்தட்டுக்கு வரும் திடசாலிகளுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. கப்பலின் பின்னால் சிறகை அசைக்காமல் மணிக்கணக்கில் மிதந்து வரும் அல்பட்ராஸ் பறவையே அது. அதன் ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனி வரையில் பத்து, பதினோரு அடி; நம் வீட்டுத் தாழ்வாரத்தில் அது சிறகை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும்.

பாதி வழியில் திடீரென்று காற்றின் குளிர் ஏறும், மூடுபனி சூழும். வடக்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான நீரின் கீழே தெற்கேயிருந்து வரும் குளிர் நீர் அமிழும் எல்லை அது. அங்கேதான் உண்மையில் அண்டார்க்டிகாவின் வாசற்படி.

மிதக்கும் மலைகள்

அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு தேசங்களை அதற்குள் வைத்த பின்னும் இடம் மிஞ்சும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பாகம் பனியால் மூடிக் கிடக்கிறது. பனியின் சராசரிக் கனம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உலகத்திலுள்ள நல்ல தண்ணீரில் பெரும்பாகம் அங்கேதான் உறைந்திருக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்று பழகிய நம் ஜில்லாக்காரர்களுக்கு இதைக் கேட்டால் பெருமூச்சு வரத்தான் செய்யும்.

இந்தப் பனிப்பாளம் அசையாமல் நிற்பதன்று. தன் பாரத்தாலேயே நழுவி, ஆறு போல மெதுவாகக் கடலை நோக்கி நகர்கிறது. கரையை அடைந்ததும் பேரிடி போன்ற ஓசையுடன் உடைந்து விழுகிறது. விழுந்த துண்டங்களே மிதக்கும் பனிமலைகள். கண்ணுக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்கு; மற்றது நீருக்குள். நெடுங்காலம் அழுத்தத்தில் கிடந்து காற்றுக் குமிழியெல்லாம் வெளியேறிய பனிக்கட்டி வெள்ளையாக இராது, நீலமாக ஒளிரும். லெமேர் கால்வாய் என்ற குறுகிய சந்தில், இரு புறமும் செங்குத்தான கறுப்பு மலைகள் நிற்க, நடுவே இந்த நீலத் துண்டங்களை ஒதுக்கிக்கொண்டு கப்பல் ஊர்ந்து செல்லும் காட்சியை விவரிக்கையில், வாய் ஓயாத பிரயாணிகளும் அங்கே பேச்சை நிறுத்திவிட்டதாக எழுதுகிறார்கள்.

கூழாங்கல் திருடர்கள்

பனியைப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்ததும் பேசுவதெல்லாம் பெங்குவின் பறவைகளைப் பற்றித்தான். தீபகற்பக் கரையில் ஜெண்டு, அடேலி, சின்ஸ்ட்ராப் என்று மூன்று ஜாதிகளைக் காணலாம். இவற்றுக்குக் கூடு கட்டச் சுள்ளி கிடையாது. ஆகையால் கூழாங்கல்லைப் பொறுக்கி வட்டமாக அடுக்கி அதன் நடுவே முட்டையிடுகின்றன. கல் அங்கே பொன் மாதிரி. ஆண் பறவை தூரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டு வந்து பேட்டின் முன் பணிவுடன் வைக்கும். அது மறு கல் தேடிப் போன சமயத்தில், அடுத்த வீட்டுக்காரர் கழுத்தை நீட்டி அந்தக் கல்லை எடுத்துத் தம் வீட்டில் வைத்துக்கொள்வார். பிறகு சண்டை, கூச்சல், சமாதானம். வேலித் தகராறு நம் கிராமங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம், அப்படியன்று.

பிரயாண விளம்பரத்தில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கில் இவை கூடி வாழும் இடத்தின் துர்நாற்றம் கரை சேருமுன்பே மூக்கைத் துளைக்கும். அழகான படத்தில் வாசனை வராதது படம் அச்சிடுவோர் செய்த புண்ணியம்.

இத்தனை பறவைகளுக்கும், கரையில் சோம்பிக் கிடக்கும் சீல் பிராணிகளுக்கும், நீரைப் பீச்சிக்கொண்டு மேலே வரும் கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கும் ஆதாரமான உணவு கிரில் என்னும் சிறு ஜந்து. நம் சந்தையில் காயவைத்து விற்கும் கூனிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். இரண்டு அங்குல நீளம். யானையினும் பன்மடங்கு பெரிய திமிங்கலம் இந்தக் கூனியைத் தின்றே உடம்பு வளர்க்கிறது. கிரில் குஞ்சுகளோ குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்று பிழைக்கின்றன. பனி குறைந்தால் பாசி குறையும். பாசி குறைந்தால் கிரில் குறையும். பின்பு மற்றவற்றின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

பெங்குவின்களில் பெரியதான எம்பரர் ஜாதி உறைந்த கடலின்மேல் குஞ்சு பொரிப்பது. ஆண் பறவை நடுக் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து, முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக் காக்கிறது. 2022-ம் வருஷம் பெல்லிங்ஸ்ஹௌஸன் கடலோரத்தில் கடற்பனி காலத்துக்கு முன்பே உடைந்து போயிற்று. அங்கிருந்த ஐந்து குடியிருப்புக்களில் நான்கில், நீர் ஒட்டாத இறகு முளைக்காத குஞ்சுகள் அனைத்தும் அழிந்திருக்க வேண்டும் என்று விண்கோள் படங்களை ஆராய்ந்தோர் 1923-ல் அல்ல, நம் கண் முன்னே 2023-ல் தெரிவித்தார்கள்.

வாசலில் காலைக் கழுவு

அங்கே கரையிறங்குவோர் அனுசரிக்க வேண்டிய விதிகள் நம் ஆலயத்து விதிகளை நினைவூட்டுகின்றன. ரப்பர்ப் படகில் இறங்குமுன் காலணியை மருந்து நீரில் கழுவ வேண்டும். சட்டைப் பையிலும் துணிப்பையிலும் ஒரு புல் விதைகூட ஒட்டியிராதபடி சுத்தம் செய்ய வேண்டும். ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. ஐந்நூறு பிரயாணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் ஒருவரையும் கரையிறக்கக் கூடாது. பெங்குவினுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். அதுவாக அருகே வந்தால் சிலை போல் நிற்க வேண்டும். அது நடந்து போகும் பாதையில் குறுக்கே நிற்கலாகாது. ஒரு கூழாங்கல்லையும் எடுத்து வரலாகாது. 1991-ம் வருஷம் கப்பல் கம்பெனிகளே கூடி ஒரு சங்கம் அமைத்து இவற்றில் பலவற்றை ஏற்படுத்திக்கொண்டன. அதே வருஷம் மாட்ரிட் நகரில் பல தேசத்தார் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அந்தக் கண்டத்தைச் சமாதானத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உரிய இயற்கைக் காப்பிடமாக அறிவித்துச் சுரங்கம் தோண்டுவதைத் தடுத்தது.

முன்னர் வந்த விருந்தினர்

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் தென் ஜார்ஜியாத் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே கிரித்விக்கன் என்ற துறையில் 1904-ம் வருஷம் திமிங்கல வேட்டை நிலையம் ஒன்று ஏற்பட்டது. விளக்குக்கும் சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் கொழுப்பு வேண்டியிருந்தது. அறுபது வருஷத்துக்குள் அந்தத் தீவைச் சுற்றிக் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 1,75,000. அப்புறம் வேட்டை நின்றது. கருணையினால் அன்று, கொல்வதற்குத் திமிங்கலம் கிடைக்காமையால். இன்று துருப்பிடித்த கொப்பரைகள் அங்கே நிற்கின்றன. துருவ வீரர் ஷாகில்டனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. 1986-ம் வருஷம் முதல் வியாபார வேட்டைக்குத் தடை அமுலுக்கு வந்தது. கூன்முதுகுத் திமிங்கலங்கள் மெள்ள மெள்ளப் பெருகி, இப்பொழுது உல்லாசக் கப்பலின் பக்கத்திலேயே வாலை உயர்த்திக் காட்டுகின்றன. மனிதன் கையை மடக்கிக்கொண்டால் இயற்கை எவ்வளவு மன்னிக்கிறது என்பதற்கு இது சாட்சி.

சிவப்புக் கப்பலின் கதை

வேட்டைக்காரன் போய் வேடிக்கை பார்ப்பவன் வந்தான்; நல்லதுதானே என்றால், அதுவும் முழுவதும் சரியில்லை. 1989-ம் வருஷம் ஜனவரியில் பாஹியா பாரைசோ என்ற அர்ஜெண்டினாக் கப்பல், பிரயாணிகளும் இருக்கையில், பாறையில் மோதிச் சுமார் ஆறு லட்சம் லிட்டர் எண்ணெயைக் கடலில் கொட்டியது. லிண்ட்பிளாட் 1969-ம் வருஷம் துருவப் பிரயாணத்துக்கென்றே கட்டுவித்த சிவப்பு நிறக் கப்பல், பின்னாளில் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயருடன், 2007-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி கிங் ஜார்ஜ் தீவின் அருகே பனிக்கட்டி தாக்கி மூழ்கியது. கப்பலிலிருந்த 154 பேரும் பல மணி நேரம் படகுகளில் நடுங்கிக்கொண்டிருந்து, வேறொரு கப்பல் வந்து உயிர் தப்பினார்கள். கடல் அன்று அமைதியாக இருந்தது. இல்லாவிடில் முடிவு வேறு.

விபத்து நேராவிட்டாலும் தீங்கு உண்டு. கப்பல் புகையிலுள்ள கரி பனியின்மேல் படிகிறது. வெள்ளை வேஷ்டியைவிடக் கறுப்புத் துணி வெயிலில் அதிகம் சுடும் என்பது நமக்குத் தெரியாததா? கரி படிந்த பனியும் அப்படியே வெப்பத்தை வாங்கி விரைவில் உருகுகிறது. ஒரு பிரயாணி போய் வருவதால் சுமார் 83 டன் பனி சீக்கிரமாக உருகுகிறது என்று 2022-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. பார்க்கப் போகிற பொருளைப் பார்வையே கரைக்கிறது!

வட துருவத்தின் நிலையும் இதுவே. நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் 2018-ம் வருஷம் ஓர் உல்லாசக் கப்பலின் காவலாளை வெண்கரடி தாக்க, தோழர்கள் அந்தக் கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். கரடி தன் வீட்டில்தான் இருந்தது. 2025-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து வெண்கரடிக்கு முந்நூறு மீட்டருக்குள் ஒருவரும் செல்லக் கூடாதென்றும், மார்ச் முதல் ஜூன் முடிய ஐந்நூறு மீட்டர் விலக வேண்டுமென்றும் அங்கே சட்டம் அமுலாயிற்று.

நம்மவர் பதித்த அடி

"இதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்போருக்குப் பதில் உண்டு. அண்டார்க்டிகா சில தேசங்களின் தனிச் சொத்தாகிவிடக் கூடாதென்று 1956-ம் வருஷத்திலேயே ஐக்கிய நாடுகள் சபையில் விஷயத்தைக் கிளப்பிய தேசம், சுதந்திரம் அடைந்து பத்தாண்டும் நிரம்பாத நம் தேசம். 1981-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி, டாக்டர் ஸையத் ஜஹூர் காஸிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ந் தேதி பனிக் கண்டத்தில் இறங்கினார்கள். அடுத்து தக்ஷிண கங்கோத்ரி என்னும் நிலையம் ஏற்பட்டது. அது பனியில் புதைந்த பின் மைத்ரி. 2012-ம் வருஷம் பாரதி. 1983-84-ம் வருஷப் பிரயாணத்தில் சுதீப்தா ஸென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரண்டு பெண் விஞ்ஞானிகள் சென்றார்கள். பின்னர் விண்வெளி ஸ்தாபனத்தைச் சேர்ந்த மங்களா மணி, ஐம்பத்தாறு வயதில், ஆண்கள் நடுவே ஒரே பெண்மணியாக, பாரதியில் 403 நாள் தங்கினார். பெண்ணை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் தாய் தந்தையர் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் நிலையங்கள் உல்லாசக் கப்பல்கள் மொய்க்கும் தீபகற்பத்துக்கு வெகு தூரத்தில், கண்டத்தின் மறு பக்கத்தில் இருக்கின்றன. அங்கே தபால் நிலையமும் உண்டு. பாரதியில் 2024-ம் வருஷம் ஏப்ரலில் ஒன்று திறந்தார்கள். பேனா நிப்புக்குப் பெயர் பெற்றிருந்த சாத்தூரிலிருந்து அங்கே ஒரு கடிதம் போகலாம், பதிலும் வரலாம்.

ரத்த பந்தம் என்பது போல் பாறை பந்தமும் உண்டு. சென்னைக்கு அருகே பரங்கிமலையில் கிடைக்கும் சார்னோகைட் என்னும் பாறையின் இனம் அண்டார்க்டிகாவிலும் காணப்படுகிறது. சுமார் பதின்மூன்று கோடி வருஷங்களுக்கு முன் வரையில் இரண்டும் ஒட்டிக் கிடந்த நிலங்கள். பாகப் பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள் நாம்.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. துருவப் பிரயாணத்துக்கு நாம் அயல் தேசத்துக் கப்பலை வாடகைக்கு அமர்த்தியே வந்திருக்கிறோம். 1906-ம் வருஷம் இதோ நம் அண்டைத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரம் பிள்ளையின் ஆன்மா இதைப் பொறுக்குமா? 2025-ம் வருஷம் ஜூனில் கல்கத்தாக் கப்பல் பட்டறை ஒன்று நார்வே கம்பெனியுடன் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டு, நம் தேசத்தில் முதல் துருவ ஆராய்ச்சிக் கப்பலைக் கட்ட வழி செய்தது. அது மிதக்கும் நாள் நல்ல நாள்.

போகலாமா?

போகவே கூடாது என்பது ஒரு கட்சி. கண்ணால் கண்டவனே பனிக்காகப் பரிந்து பேசுவான் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2024-ம் வருஷம் மே மாதம் கொச்சியில் கூடிய அண்டார்க்டிக் உடன்படிக்கைத் தேசங்களின் மகாநாட்டில், உல்லாசப் பிரயாணத்துக்கு முறையான கட்டுத் திட்டம் வகுப்பது பற்றி ஆலோசித்தார்கள். எத்தனை பேர், எத்தனை கப்பல் என்று வரம்பு வேண்டும் என்பதே இவ்வெழுத்தாளனின் அபிப்பிராயம். பணம் உள்ளவர்களுக்கெல்லாம் உரிமை உண்டென்றால், அந்தக் கண்டம் சில பருவங்களில் திருவிழாக் கடைத்தெரு ஆகிவிடும்.

ஆனால் போக இயலாத நம் போன்றோருக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். நம் வைப்பாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவிலிருந்த 21 தீவுகளில் இரண்டு, விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், நீரில் மூழ்கிவிட்டன. பவளப் பாறையை வெட்டி எடுத்ததும் கடல் ஏறியதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தெற்கே பனி உருகினால் உயரும் நீர் நம் கரைக்கும் வரும். அதே கடலில் கடற்பசு என்னும் சாதுவான பிராணி புல் மேய்கிறது. அதற்காகப் பாக் விரிகுடாவில் 2022-ம் வருஷம் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் காப்பிடமாக நம் மாகாண சர்க்கார் அறிவித்தது. பெங்குவினுக்கு ஐந்து மீட்டர் மரியாதை காட்டச் சீமைப் பிரயாணி பழகிக்கொண்டது போல, கடற்பசுவுக்கும் பவளத்துக்கும் மரியாதை காட்ட நாம் பழகலாம். அதற்கு லட்சக் கணக்கில் பணம் வேண்டியதில்லை.

அப்படிப் பழகியவர்கள் நம்மிடையே இருக்கவும் இருக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள், கண்மாய்க்கு வரும் கொக்கும் நாரையும் மிரளாதிருக்க வேண்டுமென்று, பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசினாலேயே பிழைக்கும் ஜில்லாவிலிருந்துகொண்டு இதை எழுதும்போது, அந்தக் கிராமத்துக் குழந்தைகளை எண்ணித் தலை வணங்கத் தோன்றுகிறது. துருவத்துக்குப் போகிறவர்கள் அங்கே கற்றுக்கொள்ளும் பாடத்தை அவர்கள் ஊரை விட்டு நகராமலே கற்றிருக்கிறார்கள்.